கிராபீன் வேலையில் அடித்தளத்தை மறப்பதால் வரும் தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களின் நோட்டில் "கிராபீன், ஒற்றை அடுக்கு" என்று இருக்கும். அது எதன் மேல் கிடக்கிறது, அதாவது அடித்தளம் எது என்ற விவரம் இருக்காது. கிராபீன் என்பது கார்பன் அணுக்கள் தேன்கூடு வடிவில் அமைந்த ஏடு. ஓர் அணு அளவே தடிமனுள்ள அந்த ஏட்டில் மேற்பரப்பு தவிர 'உட்புறம்' என்று ஒன்று கிடையாது. எல்லா கார்பன் அணுக்களும் அடித்தளத்தை ஒட்டியே கிடக்கின்றன. அதனால் அடித்தளத்தின் பெயரையே முதலில் எழுதச் சொல்வேன்.

அடிக்கடி கண்ணில் படும் தவறு உயரத்தை நம்பி அடுக்கு எண்ணுவது. கிராபைட்டில் இரண்டு அடுக்குகளுக்கு இடைவெளி 0.335 நானோமீட்டர். ஆனால் சிலிக்கான் டைஆக்சைடு மேல் கிடக்கும் ஒற்றை அடுக்கின் விளிம்பை அணுவிசை நுண்ணோக்கியில் (நுண்ணிய ஊசியால் மேற்பரப்பைத் தடவி உயரம் அளக்கும் கருவி) அளந்தால் 1 நானோமீட்டர்கூட வரும். உடனே "மூன்று அடுக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். ஏட்டுக்கு அடியில் சிக்கிய நீர்ப்படலமும் அந்த உயரத்தில் சேர்ந்திருக்கலாம். தவிர, ஊசிக்கு ஆக்சைடிடம் உள்ள ஈர்ப்பு வேறு, கிராபீனிடம் உள்ள ஈர்ப்பு வேறு. ஏட்டின் ஓரம் எங்காவது தன் மேலேயே மடிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அந்த மடிப்பின் படி உயரத்தில் அடித்தளம் குறுக்கிடாது. ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதை அளப்பது) 2டி எனப்படும் சிகரத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, கிராபீன் தட்டையானது என்ற நினைப்பு. ஆற்றங்கரைக் கல் மேல் விரித்த ஈரவேட்டி கல்லின் மேடுபள்ளத்தை அப்படியே காட்டும். கஞ்சி போட்டு மடித்த வேட்டி அப்படி வளையாது. ஒற்றை அடுக்கு ஈரவேட்டியைப் போல ஆக்சைடின் கரடுமுரடை வாங்கிக்கொள்கிறது, பல அடுக்குகள் விறைத்து நிற்கின்றன. அடித்தளமே இல்லாமல் தொங்கவிட்டால் தட்டையாகிவிடும் என்பதும் சரியில்லை. தொங்கும் ஏட்டிலும் சுமார் 1 நானோமீட்டர் உயரத்துக்கு அலைகள் இருப்பதை 2007-லேயே காட்டிவிட்டார்கள். உண்மையான தட்டை வேண்டுமானால் புதிதாகப் பிளந்த மைக்கா இருக்கிறது. அதன் மேல் மேடுபள்ளம் 25 பிகோமீட்டருக்குள் அடங்கியது.

செப்புத் தகட்டில் வளர்த்த ஏட்டில் சுருக்கம் தெரிந்தால் பழி முழுவதும் அதை வேறு அடித்தளத்துக்கு இடமாற்றம் செய்த கைக்குப் போகிறது. பாதிச் சுருக்கம் அதற்கு முன்பே விழுந்திருக்கும். சுமார் 1000 டிகிரி செல்சியஸிலிருந்து ஆறும்போது செம்பு சுருங்கும், கிராபீனோ தன் தளத்தில் லேசாக விரியப் பார்க்கும். மிஞ்சிய பரப்பு மேலே எழும்பி மடிப்பாகிவிடுகிறது.

ராமனில் ஜி எனப்படும் இன்னொரு சிகரம் நகர்ந்ததைப் பார்த்ததும் "மின்னூட்டம் ஏறிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். அடித்தளம் இழுத்தாலும் அது நகரும். ஜி சிகரத்தின் இடத்தை எக்ஸ் அச்சிலும் 2டி சிகரத்தின் இடத்தை ஒய் அச்சிலும் போட்டு வரையுங்கள். இழுவிசையானால் சாய்வு சுமார் 2.2, துளை மின்னூட்டமானால் (எலக்ட்ரான் குறைவதால் வருவது) 0.7 அளவில் இருக்கும்.

எலக்ட்ரான் வேகமாக நகரவில்லை என்றால் கிராபீனின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் ஆக்சைடில் சிக்கிய மின்னூட்டங்களை நினையுங்கள். 2010-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போரான் நைட்ரைடு மேல் கிராபீனை வைத்தபோது எலக்ட்ரானின் ஓட்டம் பல மடங்கு கூடியது. அதற்காக போரான் நைட்ரைடை வெறும் மேசை என்று நினைக்க வேண்டாம். அதன் அணுவலை கிராபீனைவிட 1.8 சதவீதம் பெரியது. இரண்டும் ஒரே திசையில் பொருந்தினால் சுமார் 14 நானோமீட்டர் அகலத்தில் மொய்ரே வடிவம் (இரு வலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது தோன்றும் பெரிய கோலம்) எழுந்து எலக்ட்ரான் பட்டைகளையே, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளையே மாற்றிவிடும். வைத்த கோணத்தை எழுதி வைக்காவிட்டால் பிறகு எந்த முடிவையும் விளக்க முடியாது.

சிலிக்கான் கார்பைடு மேல் வளர்த்த கிராபீனில் அடுக்கு எண்ணுவது இன்னும் சிக்கல். அந்தப் படிகத்தின் சிலிக்கான் முகத்தில் (சிலிக்கான் அணுக்கள் வெளியே பார்க்கும் பக்கம்) முதலில் வளரும் கார்பன் அடுக்குக்குத் தேன்கூட்டு வடிவம் உண்டு, ஆனால் கிராபீனின் குணம் இல்லை. அதன் அணுக்களில் ஒரு பகுதி கீழே உள்ள சிலிக்கானோடு வேதிப்பிணைப்பில் இருக்கிறது. 2009-ல் ஜெர்மனியில் அந்த அடுக்குக்கு அடியில் ஹைட்ரஜனைச் செலுத்தினார்கள். பிணைப்பு அறுந்தது. அதே அடுக்கு கிராபீனாக நடந்துகொள்ளத் தொடங்கியது.