நாற்காலி புதிது, தோள்வலி பழையது: வேலை அழுத்தத்தைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர்களில் நாலு பேருக்குக் கழுத்துவலி, இரண்டு பேருக்கு இடுப்புவலி என்று தெரிந்ததும் பல நிர்வாகங்கள் முதலில் செய்வது நல்ல நாற்காலி வாங்குவதுதான். வாங்கட்டும், தேவைதான். ஆனால் அதே நெருக்கும் கெடு, அதே ஆள் பற்றாக்குறை, இரவு பதினொரு மணிக்கு வரும் அதே மெசேஜ் எல்லாம் தொடர்ந்தால், புது நாற்காலியிலும் தோள் இறுகியேதான் இருக்கும். தசை, மூட்டு வலிக்கு உட்காரும் முறையை மட்டுமே காரணமாகப் பார்ப்பது இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு. என்னைக் கேட்டால், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மனம் பதறும்போது உடல் சும்மா இருப்பதில்லை. கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருக்கும் டிரப்பீசியஸ் தசையை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எந்தப் பாரமும் இல்லாதபோதும், நெருக்கடியான ஒரு மனக்கணக்கைப் போடச் சொன்னாலே அந்தத் தசை கூடுதலாக இயங்குவது ஆய்வுக்கூடப் பதிவுகளில் தெரிந்திருக்கிறது. அந்த இறுக்கம் மிக லேசானது, அதனால் நாம் கவனிப்பதே இல்லை. சிக்கலும் அங்கேதான். ஒரு தசை வேலையைத் தொடங்கும்போது அதன் சிறிய இழைகள்தான் முதலில் இயங்கும், தசை முழுவதுமாகத் தளர்ந்த பிறகுதான் அவை ஓயும். நாள் முழுக்க லேசான இறுக்கம் இருந்தால் அந்த இழைகளுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. நீண்டகாலத் தோள்வலிக்கு இது ஒரு காரணமாகலாம் என்று சுவீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991-இல் முன்வைத்தார். முதலில் எழுந்து கடைசியில் ஓயும் கதைப் பெண் சிண்ட்ரெல்லாவை வைத்து, 'சிண்ட்ரெல்லா கருதுகோள்' என்று அதற்குப் பெயர்.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த தவறும் கண்ணில் படும்: முழு நாளும் விடாமல் உழைத்துவிட்டு, சனி ஞாயிறில் மொத்தமாக ஓய்வெடுத்துச் சரிக்கட்டலாம் என்று நினைப்பது. தசைக்கு வேண்டியது அடிக்கடி கிடைக்கும் சின்னச் சின்ன இடைவெளி. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கையைத் தொங்கவிட்டு, தோளை இறக்கி, நிதானமாக நாலு மூச்சு விட ஒரு நிமிடம் போதும். ஆனால் எழுந்தாலே மேலாளர் திரும்பிப் பார்க்கும் இடத்தில் யார் எழுவார்கள்? ஓய்வு எடுக்கச் சொல்லி சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டு, ஒரு நிமிட விலகலையும் கணக்கில் எழுதும் மென்பொருளை ஓடவிடுவது முன்னுக்குப் பின் முரண்.

மூன்றாவது தவறு, அழுத்தத்தை ஊழியரின் சொந்தப் பலவீனமாகப் பார்ப்பது. யோகா வகுப்பு, தியான ஆப், "பாசிட்டிவ்வா இருங்க" என்று ஒரு பேச்சு, அதோடு கடமை முடிந்தது. இவற்றால் சிலருக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அழுத்தம் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்க்க வேண்டாமா? அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979-இலேயே சொன்னார்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைச் சிதைப்பதில்லை, வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் குறைவு என்ற நிலைதான் மோசம். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ., பணியிட அழுத்தத்தை ஆறு தலைப்புகளில் பரிசோதிக்கச் சொல்கிறது: பணிச்சுமை, தன் வேலை மீது ஊழியருக்கு உள்ள கட்டுப்பாடு, ஆதரவு, சக பணியாளர் உறவு, பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். ஆறும் வேலையின் அமைப்பைப் பற்றியவை.

அதனால் பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள். எந்தப் பிரிவில் வலிப் புகார் அதிகம்? அங்கே கெடுவை வைப்பது யார்? எந்த வேலையை முதலில் செய்வது, எப்போது இடைவேளை எடுப்பது என்பதை ஊழியரே தீர்மானிக்க முடிகிறதா? அமெரிக்காவில் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், செய்யும் வேலையில் நிறைவில்லை என்றவர்களே பின்னாளில் முதுகுவலிப் புகாரோடு வருவது அதிகமாக இருந்தது. பாரம் தூக்கும் வேலைகள் நிறைந்த இடத்தில் இப்படி ஒரு முடிவு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ வலி எல்லாம் மனசுலதான்" என்று முடிவுகட்டுவது நேர் எதிர்த் தவறு. வலி உண்மையானது. அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் அதே அளவு வலி இன்னும் கூர்மையாகத் தெரியும். உங்கள் வலி கற்பனை என்று ஒருமுறை கேட்டவர் மறுபடி வாயைத் திறக்க மாட்டார். முற்றிய பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கெடுவை முடிப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

எல்லாவற்றையும் அழுத்தத்தின் தலையில் போடுவதும் ஆபத்து. கை கால் மரத்துப்போதல், பலம் குறைதல், மூட்டு வீங்கிச் சிவத்தல், காலையில் ஒருமணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் விறைப்பு, காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சலோடு வரும் முதுகுவலி என்று எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் அது அவசர சிகிச்சைக்கான அறிகுறி.

அப்புறம், படுத்தே கிடப்பது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், திடீர் இடுப்புவலிக்குப் படுக்கை ஓய்வு எடுத்தவர்களே மெதுவாகத் தேறினார்கள். முடிந்தவரை வழக்கமான வேலைகளைச் செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். இதைச் சாக்காக வைத்து, லீவு முடிந்து வருபவர் மேல் முதல் நாளே பழைய சுமையை முழுதாக ஏற்றிவிடக் கூடாது. எந்த அசைவில் வலி வருகிறது, எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறது என்று அவரிடமே கேளுங்கள். முதல் சில வாரம் நேரத்தையும் இலக்கையும் குறைத்துக் கொடுங்கள். அவர் இல்லாதபோது குவிந்த வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்தத் தகவலை அவர் திரும்பி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.