நோட்பேடில் தெரியாத பிழை

ரங்கூனில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் நோட்பேடில்தான் பைத்தான் நிரல்மொழியை எழுதிப் பழகியிருப்பார்கள். பழைய மடிக்கணினிக்கு அதுதான் தாங்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்ப வேண்டாம். தொன்னி என்ற ஐடிஇ-யை, அதாவது நிரலை எழுதவும் ஓட்டவும் பிழை தேடவும் ஒரே இடத்தில் உதவும் மென்பொருளை, நிறுவிக்கொள்ளுங்கள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசம், பழைய கணினியிலும் ஓடும். விண்டோஸில் பைத்தானும் அதனுடனேயே வந்துவிடும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்.

இப்போது உளுந்துக் கடைக்கு ஒரு சின்ன பில் நிரல் எழுதுங்கள். ஒரு வீசையின் (இங்குள்ள எடை அளவு) விலையை, பயனரிடம் கேட்டு வாங்கும் இன்புட் கட்டளை மூலம் வாங்குங்கள். எடையை 2 என்று நிரலிலேயே எழுதி, இரண்டையும் பெருக்குங்கள். விலை 3500 கியாட் என்று கொடுத்தால் 7000 வர வேண்டும். 35003500 வந்து நிற்கும்! பிழைச் செய்தி எதுவும் வராது. நோட்பேடில் எத்தனை முறை படித்தாலும் எல்லா வரியும் சரியாகவே தோன்றும்.

தொன்னியில் வியூ மெனுவுக்குப் போய் வேரியபிள்ஸ் பலகத்தைத் திறந்து வையுங்கள்; நிரலில் பெயரிட்டு வைத்த மதிப்புகளை, அதாவது மாறிகளை, அது காட்டும். கன்ட்ரோலுடன் எஃப்5 அழுத்தினால் நிரல் முதல் வரியிலேயே நிற்கும். பிறகு எஃப்6 அழுத்த அழுத்த ஒவ்வொரு வரியாக நகரும். விலையைக் கொடுத்து அந்த வரியைத் தாண்டியதும் பலகத்தைப் பாருங்கள்: 3500-க்கு இருபுறமும் மேற்கோள் குறி இருக்கும். அது எண் அல்ல, எழுத்துச் சரம். சரத்தை 2-ஆல் பெருக்கினால் பைத்தான் அதை இருமுறை ஒட்டி எழுதும். இன்புட்டை, சரத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குள் வையுங்கள், 7000 வந்துவிடும். எஃப்7 இன்னும் நுணுக்கமானது. ஒரே வரிக்குள் எது முதலில் கணக்காகிறது என்பதைத் துண்டு துண்டாகக் காட்டும். தொடக்க மாணவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

அமைப்புக் கோப்பில் ஒரு வரி திருத்த நோட்பேடே போதும். அதற்கு ஐடிஇ வேண்டாம்.

நிரல் பல கோப்புகளாக வளர்ந்ததும் பைசார்ம் என்ற பெரிய ஐடிஇ-க்கு மாறுங்கள். அதற்கு 8 ஜிபி நினைவகமாவது இருப்பது நல்லது. 'விலை' என்ற மாறியின் பெயரை நோட்பேடில் தேடி மாற்றினால் 'மொத்தவிலை'யும் சேர்ந்து மாறிவிடும். பைசார்மில் ஷிஃப்டுடன் எஃப்6 அழுத்தினால் அந்த ஒரு மாறி மட்டும், அது வரும் எல்லாக் கோப்பிலும் மாறும்.

மின்வெட்டுக்கும் அஞ்ச வேண்டாம். பைசார்ம் தானாகவே சேமித்துக்கொண்டிருக்கும். நேற்று எழுதியதைத் தவறுதலாக அழித்துவிட்டாலும், கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து லோக்கல் ஹிஸ்டரியைத் திறந்தால் பழைய வடிவங்கள் நேரத்தோடு வரிசையாக இருக்கும்; வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.