ரீல்ஸ், ஷார்ட்ஸ் எடுத்துப் பிழைக்க நினைப்பவர்களுக்கு, ஒரு பட்டறையிலிருந்து

போன வாரம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, ரீல்ஸ் போட்டா காசு வருமாமே, எந்த போன் வாங்கலாம்?" போன் வாங்க வேண்டாம். கையில் இருப்பது முதல் ஆறு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். நான் திருப்பிக் கேட்ட கேள்விக்குத்தான் மூன்று பேரிடமும் பதில் இல்லை: எதைக் காட்டப் போகிறீர்கள்?

நான் திண்டுக்கல்லில் சித்தப்பாவின் டூவீலர் பட்டறையில் இருந்துகொண்டு, வண்டிப் பராமரிப்பு பற்றி ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோ போடுகிறவன். நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் வருமானம் என்று சொல்ல எதுவுமில்லை, இரண்டாம் வருடம் வீட்டு வாடகை அளவுக்கு வந்தது, இப்போது இதுதான் முழுநேர வேலை. அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நடனம், நகைச்சுவை, ஃபேஷன் பக்கமெல்லாம் கணக்கே வேறு, அதை அவர்களிடம் கேளுங்கள்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் நினைத்து வைத்திருக்கும் விஷயத்தில் ஐம்பது வீடியோவுக்குத் தலைப்பு எழுதுங்கள், ஒரே மூச்சில், போனைப் பார்க்காமல். பத்துப் பன்னிரண்டில் பேனா நின்றுவிட்டால் அந்த விஷயம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இன்னும் கைவரவில்லை என்று அர்த்தம். எனக்கு நாற்பத்திரண்டு வந்தது. அதற்கு நான் யோசிக்கவே இல்லை, பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதினேன். "காலைல முதல் கிக்குக்கு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது", "மழைல நனைஞ்சா இழுக்க மாட்டேங்குது", "செயின் டைட் பண்ணி ஒரு வாரந்தான் ஆச்சு, மறுபடி கடகடங்குது". இந்த வாக்கியங்களை மாற்றி, அழகுபடுத்தி, தலைப்பாக்காதீர்கள். அவர்கள் தேடும்போதும் இப்படித்தான் தேடுகிறார்கள். தையல் தெரிந்தவர் என்றால் பிளவுஸ் அளவு கொடுக்க வரும் பெண்கள் சொல்லும் குறைகள்தான் உங்கள் தலைப்பு. தோட்டம் என்றால் நர்சரியில் செடி வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி.

என்னுடைய பதினெட்டாவது வீடியோ ஸ்பார்க் ப்ளக் பற்றியது. "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு வரவேற்கிறேன், இன்னைக்கு என்ன பார்க்கப் போறோம்னா" என்று ஆரம்பித்து, பட்டறை வாசலைக் காட்டி, பெயர்ப்பலகையைக் காட்டி, எட்டாவது நொடியில்தான் ப்ளக் வந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஐந்து மாதம் கழித்து அதே விஷயத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை முதல் நொடியிலேயே சித்தப்பாவின் கிரீஸ் படிந்த இரண்டு விரலுக்கு நடுவில், கேமராவுக்கு அரைச் சாண் தூரத்தில், மை அப்பினதுபோல் கறுத்த ப்ளக். "ப்ளக் இப்படிக் கறுத்திருந்தா உங்க வண்டி பெட்ரோலை வீணாக்குது." அடுத்த காட்சியில் நன்றாக எரிகிற ப்ளக், முனை வெளிர் பழுப்பாக இருக்கும். அப்புறம் ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டுகிறார், பொலபொலவென்று புழுதி கொட்டுகிறது. காற்று போக வழியில்லாவிட்டால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அதிகமாகிக் கரி பிடிக்கும் என்று ஒரு வரி, ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரு வரி, கடைசியில் மறுபடி அந்தக் கறுத்த ப்ளக். இருபத்தாறு நொடி. முடிவும் தொடக்கமும் ஒரே காட்சி என்பதால் பலர் தெரியாமலே இரண்டாம் முறை பார்த்தார்கள். பத்து லட்சம் வியூஸ் போன என் முதல் வீடியோ அதுதான்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. முதல் இரண்டு நொடியில் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது தனக்கு ஏன் வேண்டும் என்பது காதில் விழ வேண்டும். வணக்கம், வரவேற்பு, பெயர் எல்லாம் ப்ரொஃபைலில் இருக்கட்டும்.

எழுதாமல் பேசாதீர்கள். முப்பது நொடிக்கு அறுபது எழுபது சொல்தான் பிடிக்கும், அதற்கு மேல் திணித்தால் மூச்சு வாங்கும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கும் சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். ஆரம்பத்தில் நான் டிவி தொகுப்பாளர் மாதிரி பேசிப் பார்த்தேன், சித்தப்பா ஒரே வார்த்தையில் "யார்ரா அது?" என்றார். அன்றோடு விட்டேன். கீழே எழுத்தும் போடுங்கள், பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பவர்கள் ஏராளம். தானாக வரும் தமிழ் சப்டைட்டில் "சைலன்ஸர்" மாதிரிச் சொற்களைக் கொலை செய்துவிடும், ஒவ்வொரு வரியையும் கையால் திருத்துங்கள். எழுத்தைத் திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் வைக்காதீர்கள், அங்கேதான் பெயர், விவரம், லைக் பட்டன் எல்லாம் வந்து மறைக்கும்.

படம் எடுப்பதில் காசு செலவழிப்பதென்றால் முதல் செலவு மைக்தான். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று போதும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், சத்தம் சரியில்லையென்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பட்டறையில் கம்ப்ரஸர் ஓடும்போது பேசவே முடியாது, அதனால் படத்தைப் பகலில் எடுத்துக்கொண்டு குரலை ராத்திரி வீட்டில், ஃபேனை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பதிகிறேன். துணி எதிரொலியைத் தின்றுவிடும். லென்ஸை ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித் தராததால் நான் மூன்று மாதம் திண்டாடினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாக நிழல் ஓடிக்கொண்டே இருந்தது. போன்தான் கோளாறு என்று நினைத்தேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான போன் நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், எடுக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் இந்தப் பட்டை. போன் கேமராவில் எல்லாவற்றையும் நாமே மாற்ற விடும் ப்ரோ மோடில் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தேன், நின்றுவிட்டது. ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் பால் (PAL) ஃபார்மட்டைத் திறந்தால் 25 ஃப்ரேம் கிடைக்கும்.

வாரத்துக்கு மூன்று போதும். தினம் ஒன்று என்று ஆரம்பித்து இரண்டாம் மாதம் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாங்கள் கடைக்கு லீவு விடும் நாளில் ஆறு வீடியோவுக்கான காட்சிகளை ஒரே நாளில் எடுத்துவிடுகிறோம், எடிட் தினமும் ராத்திரி ஒரு மணி நேரம். எடிட்டுக்கு விஎன், இன்ஷாட் போன்ற போன் செயலிகளே போதும்.

சரி, வியூஸ். யூடியூப் 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ என்று கணக்கு வைக்கிறது. அதனால் வெளியே தெரியும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், காசுக்கும், காசு வாங்கும் தகுதிக்கும் கணக்கில் வருவது அனலிடிக்ஸ் பக்கத்தில் தனியாக இருக்கும் 'என்கேஜ்டு வியூஸ்', அதாவது தள்ளிவிடாமல் நின்று பார்த்த வியூஸ். அங்கேயே எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று சதவீதமும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான், அடுத்து எந்த நொடியில் பார்ப்பவர்களைக் காட்டும் கோடு சரிகிறது என்று. சரிகிற இடத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நான் சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பேன். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள் என்று பாருங்கள்.

இப்போது காசு, வெளிப்படையாகவே. யூடியூப்பில் விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், அதோடு 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸோ அல்லது ஒரு வருடத்தில் நீள வீடியோவுக்கு 4,000 மணி நேரமோ வேண்டும். 500 சப்ஸ்கிரைபரும் 90 நாளில் 30 லட்சம் வியூஸும் இருந்தால் மெம்பர்ஷிப், சூப்பர் தேங்ஸ் மாதிரி, பார்ப்பவர்களே நேராகக் காசு தரும் சில வசதி மட்டும் திறக்கும். ஷார்ட்ஸ் விளம்பரப் பங்கு 2023 பிப்ரவரியில் தொடங்கியது, நம் கணக்கில் ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம் நமக்கு. அதற்கு முன்பே ஒரு வெட்டு இருக்கிறது: வீடியோவில் ஒரு பாட்டு சேர்த்தால் அந்த வியூஸின் வருமானத்தில் பாதி இசை உரிமைக்குப் போய்விடும், இரண்டு பாட்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. என் வீடியோக்களில் பாட்டே கிடையாது, இன்ஜின் சத்தம்தான். அப்படியிருந்தும் அந்தப் பத்து லட்சம் வியூஸுக்கு வந்த காசு ஒரு பைக்குக்கு ஃபுல் டேங்க் போட்டால் தீர்ந்துவிடும். விளம்பரக் காசை நம்பி வேலையை விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சோறு போடுவது வேறு மூன்று. ஒன்று, வீடியோ பார்த்து பட்டறைக்கு வருகிறவர்கள். நத்தம், ஒட்டன்சத்திரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். இரண்டு, ஸ்பேனர் செட், செயினுக்குப் போடும் லூப் ஸ்ப்ரே மாதிரி நான் உண்மையிலேயே பயன்படுத்தும் பொருட்களின் லிங்க் கமிஷன், நான் போட்ட லிங்க் வழியாக யாராவது வாங்கினால் வருவது. மூன்று, கம்பெனி ப்ரமோஷன், மொத்தத்தில் பெரிய பங்கு இதுதான்.

ப்ரமோஷனில் நான் வாங்கிய அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு உதிரிபாகக் கம்பெனிக்காக மூன்று வீடியோ செய்தேன், எல்லாம் போனில் பேசியது, எழுத்தில் எதுவும் இல்லை. நான்கு முறை திருத்தச் சொன்னார்கள், செய்தேன். காசு வர ஏழு மாதம், அதுவும் பேசியதில் பாதி. அதற்குள் என் முகத்தையும் குரலையும் வைத்து அவர்களே விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், கேட்டால் "வீடியோ எங்களோடதுதானே" என்றார்கள். இப்போது ஒரு வாட்ஸாப் செய்திக்குக்கூட நான் மெயிலில்தான் பதில் எழுதுகிறேன். எத்தனை வீடியோ, எத்தனை திருத்தம் (இரண்டு, அதற்கு மேல் தனிக் காசு), பாதி அட்வான்ஸ், மீதி போட்ட பதினைந்து நாளுக்குள், விளம்பரமாக ஓட்டினால் மாதத்துக்கு இவ்வளவு, போட்டிக் கம்பெனிக்குச் செய்யக்கூடாது என்றால் எத்தனை நாளுக்கு, அதற்கு எவ்வளவு. எல்லாம் அந்த மெயிலில் இருக்கும். சம்மதம் என்று பதில் வந்தால்தான் கேமராவை எடுப்பேன். விலை சொல்லும்போது ஃபாலோயரை எண்ணாதீர்கள், அந்த வீடியோவுக்கு உங்களுக்கு எத்தனை நாள் போகும் என்று எண்ணி, அந்த நாட்களின் கூலியிலிருந்து ஆரம்பியுங்கள்.

காசு வாங்கினாலும், சும்மா பொருள் வாங்கினாலும் "விளம்பரம்" என்று வீடியோவிலேயே தெளிவாகப் போட வேண்டும், தமிழ் வீடியோ என்றால் தமிழில். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பெட்ரோலில் ஊற்றினால் மைலேஜ் கூடும் என்ற பாட்டில்கள் எனக்கு மாதம் ஒன்றாவது வரும், நான் தொடுவதில்லை, நான் சொன்னேன் என்று ஊற்றுகிறவர் நாளைக்கு அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருவார். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு ஆப்களிடமிருந்து வரும் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும், வேண்டவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் அதை விளம்பரப்படுத்துகிறவர்களுக்கே 2 வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்கிறது. அதைவிட, நம்மை நம்பிப் பார்க்கிற பையன் ஒருவன் அதில் சம்பளத்தைத் தொலைப்பான்.

வரி விஷயத்தை முதல் காசு வந்ததுமே ஒரு ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள். கம்பெனி கொடுத்த ஹெல்மெட், போன் எல்லாம் நீங்களே வைத்துக்கொண்டால் அதுவும் வருமானம்தான், ஒரு வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, உண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். யூடியூப் காசு வரும் கூகுள் ஆட்சென்ஸ் கணக்கில் வரிப் படிவத்தை பான் எண்ணோடு நிரப்பிவிடுங்கள், அமெரிக்காவில் பார்க்கப்பட்ட பங்குக்கு மட்டும் 15 சதவீத அமெரிக்க வரியோடு போகும்.

கமெண்ட் பற்றி ஒன்று. நல்ல கேள்விகள்தான் உங்கள் அடுத்த ஐம்பது தலைப்பு, தினமும் பதில் போடுங்கள். கெட்ட வார்த்தைகளைத் தமிழிலும் தங்கிலீஷிலும் பட்டியலாக எழுதி ஃபில்டரில் போட்டுவிடுங்கள், பெண்கள் கண்டிப்பாக முதல் நாளே செய்யுங்கள். வாடிக்கையாளர் முகமும் நம்பர் பிளேட்டும் கேட்காமல் வீடியோவில் வரக்கூடாது.

கடைசியாக, நாம் கடை போட்டிருப்பது வாடகை இடத்தில். 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக் தடை வந்தபோது லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்த நம் ஊர் ஆட்களுக்குக் கையில் வீடியோகூட மிஞ்சவில்லை, லோகோ விழுந்த டவுன்லோடுகள்தான். அதனால் லோகோ இல்லாத மூல வீடியோ எல்லாவற்றையும் தேதி போட்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், இரண்டு பிரதி. யூடியூப், இன்ஸ்டா இரண்டிலும் போடுங்கள். கணக்குக்கு இரட்டைப் பூட்டு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி, போடுங்கள். "காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று மெயில் வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள், எனக்குத் தெரிந்த ஒரு சமையல் அக்கா அப்படித்தான் ஒரே ராத்திரியில் கணக்கை இழந்தார். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் அவர்கள் உண்மையிலேயே அனுப்பிய மெயில்களின் பட்டியல் இருக்கும், அங்கே அந்த மெயில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.