பைக் லைட் எரியவில்லையா? பல்ப் வாங்கும் முன் இப்படித் தேடுங்கள்

ஹெட்லைட் எரியவில்லை என்றதும் பலர் முதலில் ஒரு புது பல்ப் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் எரியாவிட்டால் ஸ்விட்ச், அப்புறம் ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டை அளவோடு வைப்பது), கடைசியில் வயரிங் கிட் முழுவதும் மாறும். இவ்வளவும் மாற்றிய பிறகு பார்த்தால், ஃபிரேமில் ஏதோ ஒரு போல்ட்டுக்கு அடியில் எர்த் வயர் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) துருவேறிக் கிடக்கும். லைட் விஷயத்தில் பொருள் கெடுவதைவிட இணைப்பு கெடுவதுதான் அதிகம். அதனால் அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், ஒரு டெஸ்ட் லேம்ப். 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்தால் டெஸ்ட் லேம்ப் தயார். மீட்டரில் சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்தத் துளையில் வைத்தபடி பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட்தான். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸில் உள்ள ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

1. முதலில் எது எரிகிறது என்று பாருங்கள்

எது எரியவில்லை என்பதைவிட எது எரிகிறது என்பதில் அதிகத் துப்பு கிடைக்கும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மொத்தமாகப் போயிருந்தால் பேட்டரி அல்லது மெயின் ஃபியூஸ். ஹை பீம் வந்து லோ பீம் மட்டும் வராவிட்டால் பல்ப்பின் ஒரு இழையோ, ஹை-லோ மாற்றும் டிம்மர் ஸ்விட்சோதான். முன் பிரேக்கைப் பிடித்தால் பிரேக் லைட் எரிந்து, பின் பிரேக்குக்கு எரியாவிட்டால் பல்பும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன, பின் ஸ்விட்சைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் மரையைத் திருகி ஸ்விட்சைச் சற்று உயர்த்தினாலே போதும். திருகும்போது ஸ்விட்சின் உடலைப் பிடித்துக்கொண்டு மரையை மட்டும் சுற்றுங்கள், இல்லாவிட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பழைய சிறிய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏசி கரண்ட் போகும். எஞ்சின் ஓடாதபோது அது எரியாது, ஐட்லிங்கில் மங்கலாக எரியும். அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. அந்த வண்டியில் ஹெட்லைட்டை அளக்க மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட வேண்டும்.

2. பேட்டரியும் சார்ஜிங்கும்

சாவி ஆஃப். மீட்டர் 20 வோல்ட் டிசி. 12.6க்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போட்ட பிறகு வேறு எதையும் பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அடிக்கடி பல்ப் ஃபியூஸ் ஆவதற்கும் அதுதான் காரணம்.

3. ஃபியூஸ்

கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், கழற்றி மீட்டரின் பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வையுங்கள். போயிருந்தால் அதே அளவில் மட்டும் மாற்றுங்கள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போட்டால், ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையை வயர் செய்யும், அதாவது வயரே எரியும்.

புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஃபியூஸாக மாற்றிக்கொண்டே இருக்காமல் அந்த இடத்தில் டெஸ்ட் லேம்ப்பின் இரண்டு வயரையும் மாட்டுங்கள். ஹெட்லைட் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். லேம்ப் முழுப் பிரகாசத்தில் எரிந்தால் ஷார்ட் உறுதி. 21 வாட் பல்ப் 2 ஆம்பியருக்கு மேல் போகவிடாது என்பதால் வயர் சூடாகும் பயமும் இல்லை. இனி ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள், வயர் கட்டை அங்கங்கே அசையுங்கள். எதைத் தொட்டபோது லேம்ப் மங்குகிறதோ அல்லது அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு. இருக்கைக்கு அடியிலும் ஹேண்டில் கழுத்திலும் வயர் உரசும் இடங்களை முதலில் பாருங்கள்.

4. பல்ப், ஹோல்டர்

பல்ப் இழையையும் பஸ்ஸரில் வைத்துப் பாருங்கள். ஹாலோஜன் பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகம் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பின் பக்க இரட்டை இழை பல்ப்பின் இரண்டு காதும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். மாற்றிப் போட்டு அழுத்தாதீர்கள்.

5. எரியும்போது அளப்பது

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் மீட்டர் முனையை வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். "சப்ளை வருதே!" என்று நினைத்துப் பல்பைப் போட்டால் எரியாது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு, வயரில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் அதற்குப் போதும். 55 வாட் பல்ப் கேட்பதோ நாலரை ஆம்பியருக்கும் மேல். அதனால் பல்ப் மாட்டியபடி, ஸ்விட்ச் ஆனில், கப்ளரின் பின்பக்கமாக முனையை நுழைத்து அளக்க வேண்டும். டிசி ஹெட்லைட் (பேட்டரியிலிருந்து எரிவது) என்றால் இரண்டு அளவு போதும்:

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்ப்பின் பிளஸ் டெர்மினலுக்கு ஒன்று, பல்ப்பின் எர்த் டெர்மினலிலிருந்து பேட்டரி மைனஸுக்கு இன்னொன்று. வழியில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்பதை இவை காட்டும். ஒவ்வொன்றும் 0.5க்குள் இருக்க வேண்டும், எர்த் பக்கம் இன்னும் குறைவாக இருந்தால் நல்லது.

எர்த் பக்கம் 2 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். அரை ஓம் தடை எங்கோ இருந்தால் இந்த நிலை வந்துவிடும். சாதாரண பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், 2 வோல்ட் போனால் ரோடே தெரியாது. இப்போது ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலேயே வைத்துக்கொண்டு, மற்றதை ஃபிரேமில், பிறகு எர்த் போல்ட்டில், பிறகு வயரின் வளையத்தில் என்று ஒவ்வொரு அடியாக நகர்த்துங்கள். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அளவு சட்டென்று ஏறுகிறதோ, கோளாறு அங்கேதான். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

எர்த் எந்த வயர் என்று தேட நிறம் உதவும். ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கருப்பு, சுசுகியில் கருப்பில் வெள்ளைக் கோடு, கவாசாகியில் கருப்பில் மஞ்சள் கோடு. ஏற்கெனவே யாராவது கைவைத்த வண்டி என்றால் நிறத்தை நம்ப வேண்டாம்.

பிரேக்கைப் பிடித்தால் மீட்டர் லைட் மினுக்குகிறது என்று வரும் புகார்களும் எர்த் கதைதான். பின் பல்ப்பின் 5 வாட், 21 வாட் இழைகள் இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது அறுந்தால் பிரேக் கரண்ட் 5 வாட் இழை வழியாகத் திரும்பி, டெயில் லைட் வயரில் ஏறி, மற்ற பல்புகளுக்குள் புகுந்து எர்த்தைத் தேடும்.

6. இண்டிகேட்டர்

ஒரு பக்கம் மட்டும் வேகமாக மினுக்கினால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கும், அல்லது வாட் குறைந்த பல்ப் போட்டிருப்பார்கள். எல்இடி போட்டாலும் இதேதான், அதற்கேற்ற பிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சிறு பெட்டி) மாற்ற வேண்டும். நான்குமே எரியவில்லையா? இரண்டு முனை பிளாஷராக இருந்தால் அதைக் கழற்றி, அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து ஸ்விட்சைப் போடுங்கள். பல்ப் மினுக்காமல் நின்று எரிந்தால் பிளாஷர்தான் கெட்டது.

7. ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள்

எல்லாம் சரியான பிறகு, வண்டி நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் லைட் சிமிட்டினால் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேலுறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சாவியை ஆஃப் செய்து ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள், அறுந்த இடம் மட்டும் ரப்பர் போல நீளும். அதை வெட்டியெடுத்து, அதே தடிமனில் வேறு துண்டு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பற்றவைத்த இடம் வளையும் பகுதியில் வராமல் சற்றுத் தள்ளியே இருக்கட்டும். ஈயம் ஏறிய இழைகள் விறைத்துவிடும், ஹேண்டில் திரும்பத் திரும்ப ஈயம் முடியும் ஓரத்திலேயே மறுபடி அறுந்துவிடும்.