பாண்டி, கடலூர்ல இருந்து காலைல போய் சாயங்காலம் திரும்புற மாதிரி ஒரு நடைய எப்படி செலக்ட் பண்றது? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

சில வருஷம் முன்னாடி ஒரு மே மாசம், நானும் என் மச்சானும் செஞ்சிக்கு போனோம். ராஜகிரி கோட்டை, போக வர மொத்தமே சுமார் 3 கிலோமீட்டர்னு எங்கயோ படிச்சிட்டு, அட இவ்ளோ தானா, நம்ம பாண்டி பீச் ரோட்ல இந்த முனைல இருந்து அந்த முனை போயிட்டு வந்தா முடிஞ்சுது அந்த தூரம்னு சொல்லிக்கிட்டே, நிதானமா டிபன் எல்லாம் முடிச்சிட்டு பதினொன்றரைக்கு மேல ஏற ஆரம்பிச்சோம், ஆளுக்கு ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டிலோட. பாதி கூட போகல, மச்சானுக்கு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. கீழ எறக்கி கூட்டிட்டு வந்து மரத்தடில உக்கார வச்சப்ப, வெள்ளரிப்பிஞ்சு வித்துக்கிட்டு இருந்த அம்மா உப்பு தூவி ரெண்டு கைல குடுத்துட்டு, "இந்த வெயில்ல உச்சி நேரத்துல யாராச்சும் பாறை ஏறுவாங்களா தம்பி"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வாய் வரல.

அன்னைக்கு நாங்க பண்ண தப்பு கிலோமீட்டர பாத்து இடத்த செலக்ட் பண்ணது. இப்ப எந்த இடத்துக்கு போறதா இருந்தாலும் நான் போடுற கணக்கே வேற, அத தான் இங்க ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன். நம்ம ஊர்ல ஒரு வசதி என்னன்னா கிழக்கால போனா கடல், மேற்கால ஒன்றரை ரெண்டு மணி நேரம் பஸ்ல போனா பாறை மலை ஆரம்பிச்சிடும். ஆனா ரெண்டுக்கும் ஒரே கணக்கு ஒத்து வராது.

ஸ்டெப் 1: தூரத்த விடுங்க, ஏத்தத்த பாருங்க

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். எங்க பெரியம்மாவுக்கு அறுபது தாண்டிடுச்சு, பௌர்ணமிக்கு அசால்ட்டா சுத்திட்டு வராங்க. அதே பெரியம்மாவ ராஜகிரி ஏத்துனா நடக்குற கதையா? அது தரைல இருந்து கிட்டத்தட்ட 240 மீட்டர் செங்குத்தா நிக்கிது, அதாவது 800 அடி, அதுவும் ஒரு படி சின்னது ஒரு படி முழங்கால் உயரம்னு அந்தக் காலத்து கல்லு படி. கிரிவலம் ரோடுல ஏத்தமே கெடையாதுன்னு சொல்லலாம்.

1892ல ஸ்காட்லாந்துல நெய்ஸ்மித்னு ஒருத்தர் ஒரு கணக்கு சொல்லி வச்சார், இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா மலை ஏறுறவங்க அத வச்சி தான் ஆரம்பிக்கிறாங்க. மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அது போக ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூட சேத்துக்கணும். ஆனா அவர் போட்டது ஸ்காட்லாந்து குளிருக்கு, விழுப்புரம் ஜில்லா வெயிலுக்கு இல்ல. அதனால நான் அத மாத்தி வச்சிருக்கேன்: மணிக்கு 3 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏத்தத்துக்கும் 20 நிமிஷம். இது என் சொந்த கணக்கு, உங்க கால் வேகமா இருந்தா நீங்க கொறச்சிக்கோங்க.

இப்ப ராஜகிரிக்கு போட்டு பாருங்க. 3 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 240 மீட்டருக்கு 48 நிமிஷம், மூச்சு வாங்க, போட்டோ எடுக்க, மேல சுத்தி பாக்கன்னு ஒரு மணி நேரம். கிட்டத்தட்ட 3 மணி நேரம் வருது. நாங்க ஒரு மணி நேரத்துல எறங்கிடலாம்னு நெனச்சோம் பாருங்க.

ஏத்தம் எவ்ளோன்னு எப்படி தெரிஞ்சிக்கிறது? போன்ல ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஃப்ரீ ஆப் இருக்கு, நெட் இல்லாமலே வேலை செய்யும், அதுல கான்டூர் கோடு ஆன் பண்ணிக்கலாம். கான்டூர்னா ஒரே உயரத்துல இருக்குற எடத்த எல்லாம் சேத்து போட்ட கோடு. கோடெல்லாம் நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளி தள்ளி இருந்தா லேசான சரிவு. கூகுள் எர்த்ல ஒரு எடத்துல விரல வச்சாலே உயரம் காட்டும், உச்சில ஒண்ணு அடில ஒண்ணு பாத்து கழிச்சிக்கோங்க, முடிஞ்சுது. ஒரு விஷயம், மலையோட உயரம்னு போட்டிருக்கிறது பெரும்பாலும் கடல் மட்டத்துல இருந்து கணக்கு. நீங்க ஏற ஆரம்பிக்கிற ஊரே கொஞ்சம் உயரத்துல தான் இருக்கும், அத கழிச்சா தான் நெஜ ஏத்தம்.

ஸ்டெப் 2: மணலுக்கு தனி கணக்கு

கடலோரத்துல ஏத்தம் ஜீரோ, அதனால ஈஸின்னு நெனைப்போம். வறண்ட மணல்ல ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்க, கெண்டைக்கால் சொல்லும். நான் லூஸ் மணல் 1 கிலோமீட்டர ரோட்டு நடை 2 கிலோமீட்டர்னு வச்சிக்கிறேன். அலை வந்து போன ஈர மணல் கெட்டியா இருக்கும், அதுல நடந்தா பரவால்ல, ஆனா அது சரிவா இருக்குறதால ஒரே திசைல ரொம்ப நேரம் நடந்தா ஒரு பக்க இடுப்பு வலிக்கும், அதனால போயிட்டு அதே வழில திரும்புற மாதிரி பிளான் பண்ணுங்க, வலி ரெண்டு பக்கமும் சரிசமமா பிரிஞ்சிடும்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ற நடை, கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல இருந்து வடக்கால தாழங்குடா வரைக்கும். ஒரு பக்கம் நாலு கிலோமீட்டர் கிட்ட வரும், அங்க தான் தென்பெண்ணை கடல்ல சேருது. அங்க போனதும் நின்னுடணும். முகத்துவாரத்த தாண்டி அந்தப் பக்கம் போறேன்னு எறங்கவே எறங்காதீங்க. போன வாரம் மணல் திட்டா மூடி இருந்த எடம் மழை வந்தா பிச்சிக்கிட்டு ஆழமா ஓடும், 2024 டிசம்பர்ல சாத்தனூர் அணைய திறந்து விட்டப்ப பெண்ணையாறு எப்படி வந்துச்சுன்னு கடலூர்காரங்களுக்கு நான் சொல்ல தேவையில்ல. குளிக்கவும் வேணாம், நம்ம பக்கம் அலை கால இழுக்குற அலை.

நேரமும் தலைகீழ். மலைக்கு காலைல போகணும், பீச்சுக்கு சாயங்காலம். காலைல சூரியன் கடல்ல இருந்து நேரா மூஞ்சிக்கு வரும், மதியத்துக்கு மேல அது முதுகுப்பக்கம் போயிடும், சவுக்கு தோப்பு இருக்குற எடத்துல நிழலும் விழும், கடல்காத்தும் வந்துடும். இருட்டிட்டாலும் பெரிய பிரச்சனை இல்ல, கரையோரமா ஊர் லைட் தெரியும். மலைல இருட்டுனா அப்படி இல்லையே.

பிச்சாவரம் போலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. சூப்பரான எடம், ஆனா அங்க போட்ல தான் போகணும், நடைக்கு அது கணக்குல வராது.

ஸ்டெப் 3: எந்த மாசம்

ஜனவரி, பிப்ரவரி. அவ்ளோ தான். மார்ச்ல இருந்து பாறை சூடு ஏற ஆரம்பிச்சிடும், அக்னி நட்சத்திரத்துல சும்மா வீட்ல இருங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பச்சையா அழகா இருக்கும், ஆனா நம்ம பக்கம் மழையே அப்ப தான். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரைய கடந்துச்சு, அடுத்த நாள் திருவண்ணாமலைல மண் சரிஞ்சு ஒரே எடத்துல 7 பேர் செத்துட்டாங்க. புயல் போயிடுச்சே, வெயில் அடிக்குதேன்னு மறு நாளே மலைக்கு கிளம்பாதீங்க, தண்ணி குடிச்ச மண்ணு காய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஈரமான பாறை எப்படி வழுக்கும்னு நம்ம வீட்டு கெணத்தடிலயே தெரியும்.

ஸ்டெப் 4: திரும்புற நேரத்த மொதல்ல எழுதுங்க

பெரும்பாலும் எல்லாரும் எத்தன மணிக்கு கிளம்பணும்னு பேசுவாங்க. நான் கடைசில இருந்து பின்னாடி வருவேன். மார்கழி தைல நம்ம பக்கம் ஆறு மணி வாக்குல பொழுது சாஞ்சிடும். ஆனா வெயில் கணக்குக்கு பன்னெண்டுக்குள்ள கீழ எறங்கி இருக்கணும். செஞ்சில கேட் திறந்த உடனே உள்ள போற மொத ஆள் நீங்களா இருந்தா அந்த 3 மணி நேரம் கரெக்டா பன்னெண்டுக்குள்ள அடங்கும். மதியத்துக்கு அப்புறம் ஒரு நேரத்துக்கு மேல ராஜகிரி உச்சிக்கு ஏற விடவும் மாட்டாங்க, அதனால லேட்டா போனா டிக்கெட் எடுத்துட்டு கீழ இருக்குற கல்யாண மகால மட்டும் பாத்துட்டு வரணும்.

அதோட ஒரு திரும்பு மணி முடிவு பண்ணி எல்லார் கிட்டயும் சொல்லிடுங்க. பத்தரைன்னா பத்தரை. உச்சி இன்னும் அம்பது படி தான்னாலும் பத்தரை ஆனா திரும்பிடணும். இதுல தான் சண்டை வரும், அதனால கீழயே பேசி முடிச்சிடுங்க.

வேகத்த உங்க வேகத்துல போடாதீங்க. கூட வர்றதுல யாரு மெதுவோ அவங்க வேகத்துல போடுங்க. கல்யாணம் ஆன புதுசுல மாமனார கூட்டிட்டு போற மாப்பிள்ளைங்க இந்த வரிய ரெண்டு தடவ படிங்க.

ஸ்டெப் 5: உள்ள போக பர்மிஷன் இருக்கா

இத விட்டுட்டு ரீல்ஸ் பாத்து கிளம்புறவங்க ஜாஸ்தி. காப்புக்காடுன்னா ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் அனுமதி இல்லாம உள்ள போறது தப்பு. 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீல மலை ஏறப் போனவங்க மாட்டிக்கிட்டு பல உயிர் போச்சு, அதுக்கப்புறம் கெடுபிடி கூடிடுச்சு. 2024 அக்டோபர்ல அரசே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட்டோட ஆன்லைன் புக்கிங் ஆரம்பிச்சாங்க, ஈஸி, மீடியம், டஃப்னு பிரிச்சி கைடோட கூட்டிட்டு போவாங்க. நம்ம பக்கத்துல இருந்து ஒரே நாள்ல போறதுக்கு தோதா எது இருக்குன்னு அதுல பாத்துக்கோங்க, தீ பிடிக்கிற சீசன்ல மூடி வச்சிடுவாங்க. திருவண்ணாமலை உச்சிக்கும் சும்மா நெனச்சப்ப ஏற முடியாது.

ஸ்டெப் 6: எதுல ஆரம்பிச்சி எதுக்கு போறது

மொதல்ல கடலூர் பக்கத்துல இருக்குற திருவந்திபுரம். ஔஷதகிரி மேல ஹயக்ரீவர் கோயில், 74 படி தான். சிரிக்காதீங்க, அத நிக்காம ஏறி எறங்கி பாருங்க, மூச்சு எங்க நிக்கிதுன்னு உங்களுக்கே தெரியும். பாண்டிகாரங்களுக்கு திண்டிவனம் ரோட்ல மயிலம் முருகன் கோயில் குன்னு.

ஏத்தமே வேணாம், நடக்கணும் அவ்ளோ தான்னா திருவக்கரை கல்மரப் பூங்கா. மரம் கல்லா மாறி படுத்து கெடக்கும், சுமார் 2 கோடி வருஷம் பழசு, கிட்ட போய் பாத்தா பட்டை, கணு எல்லாம் தெரியும். சின்ன துண்டு கூட எடுத்துட்டு வராதீங்க, தேசிய புவியியல் சின்னம் அது. பக்கத்துலயே வக்கிரகாளியம்மன் கோயில். கொழந்தைங்கள கூட்டிட்டு போக இத விட நல்ல எடம் நம்ம பக்கத்துல இல்லன்னு தான் சொல்லுவேன்.

மூணாவது, திருவண்ணாமலை ரமணாசிரமத்துல இருந்து கந்தாசிரமம். கல்லு பாவுன பாதை, மரம் நெறைய, நிதானமா போனாலும் முக்கா மணி நேரம். மேல போனதும் பெரிய கோயிலோட கோபுரம் எல்லாம் மொத்தமா கண்ணுல விழும். ரமணர் 1916ல இருந்து 1922 வரைக்கும் அங்க தான் இருந்தார், அதுக்கு முன்னாடி இருந்த விருபாட்ச குகை கொஞ்சம் கீழ எறங்குனா வரும். அமைதியா போங்க, ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கிட்டு போற எடம் இல்ல அது.

நாலாவது தான் செஞ்சி. அதுலயும் மொதல்ல அங்க இருக்குற கிருஷ்ணகிரி குன்னு, ராஜகிரிய விட சின்னது, ரோட்டுக்கு வடக்குப்பக்கம். இன்னொரு நாள் ராஜகிரி. ஒரே நாள்ல ரெண்டும் வேணாம், எறங்கும்போது தான் முட்டி போகும். ராஜகிரி உச்சிக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு பெரிய பாறை பிளவு வரும், அது மேல சின்ன பாலம். எதிரி வந்தா பாலத்த எடுத்துட்டா போதும், கீழ பாதாளம். 1690ல இருந்து 1698 வரைக்கும் மொகலாய படை வெளிய காத்துக் கெடந்த கோட்டை இது, அந்த பாலத்துல நின்னு கீழ பாத்தா ஏன் அவ்ளோ வருஷம் ஆச்சுன்னு புரியும். 2025ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய லிஸ்ட்லயும் மராத்திய கோட்டைங்களோட சேந்து வந்துடுச்சு. குரங்கு ஜாஸ்தி, கைல கவர் வச்சிருந்தா புடுங்கிடும், எல்லாத்தையும் பைக்குள்ள போட்டு ஜிப்ப மூடுங்க. பாறை இடுக்குல தேன்கூடு தெரிஞ்சா சத்தம் போடாம தள்ளி போங்க.

பாண்டில இருந்து திண்டிவனம் வழியா போற திருவண்ணாமலை பஸ் செஞ்சில நிக்கும். கடலூர்காரங்க விழுப்புரம் போய் மாறிக்கலாம். கோட்டை ஊரத் தாண்டி திருவண்ணாமலை ரோட்ல இருக்கு, ஆட்டோ கெடைக்கும்.

பர்வதமலை? இப்ப வேணாம். நம்ம கணக்க போட்டு பாருங்க, 4,500 அடிக்கு மேல உயரம், ஏத்தம் மட்டுமே ஆயிரம் மீட்டருக்கு கொறையாது, அதுக்கே 200 நிமிஷம், தூரம் தனி, அதுலயும் கடைசில சங்கிலிய புடிச்சிக்கிட்டு, பாறைல அடிச்ச கம்பில கால வச்சி ஏறணும். ராஜகிரிய ரெண்டு தடவ சிரமம் இல்லாம ஏறிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

ஸ்டெப் 7: பை

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, மேல கெடைக்கும்னு நம்பாதீங்க. ஓஆர்எஸ் ரெண்டு பாக்கெட். தொப்பி. பிடிமானம் இருக்குற ஷூ, விலை ஜாஸ்தி ஷூ எல்லாம் தேவையில்ல, ஆனா ரப்பர் செருப்பு கூடவே கூடாது. கோயில் மலைன்னா ஷூவ கழட்டி போட ஒரு துணிப்பை. சாப்பாட்டுக்கு அவிச்ச மல்லாட்டை, வாழப்பழம் (குரங்கு மோப்பம் புடிக்கும், கீழ உக்காந்தே தின்னுடுங்க). போன் ஃபுல் சார்ஜ். எந்த மலை, எத்தன மணிக்கு எறங்குவோம்னு வீட்ல ஒருத்தர் கிட்ட சொல்லிட்டு போங்க.

திரும்பி வந்ததும் பஸ்லயே உக்காந்து போன்ல ஏறுன நேரம், எறங்குன நேரம் ரெண்டையும் குறிச்சி வச்சிக்கோங்க. மூணு நாலு நடை ஆனப்புறம் என்னோட 20 நிமிஷ கணக்க தூக்கி போட்டுட்டு உங்க நம்பர போட்டுக்கலாம். என் மச்சானோடது இப்ப 100 மீட்டருக்கு 17 நிமிஷம். வெள்ளரிப்பிஞ்ச மட்டும் அவன் இன்னும் மறக்கல, ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கிடுறான்.