“ஹார்ட் வீக்” என்று சொன்ன பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு “ஹார்ட் கொஞ்சம் வீக்” என்று டொக்டர் சொன்னால், வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். இதயம் இன்றோ நாளையோ நின்றுவிடும் என்று பயந்து, ஆளைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். இல்லாவிட்டால், “நெஞ்சு நோ ஒன்றும் இல்லைத்தானே” என்று கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். இரண்டுமே பிழை.

“ஹார்ட் வீக்” என்று சொல்வது இதயச் செயலிழப்பை. இதில் இதயம் நிற்பதில்லை. உடம்பு கேட்கிற அளவுக்கு இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. எக்கோ அறிக்கையில் ஈ.எஃப் என்று போட்டு ஒரு சதவீதம் இருக்கும். இடது கீழறைக்குள் இருக்கும் இரத்தத்தில் எவ்வளவை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயம்கூட முழுவதையும் தள்ளாது. பாதிக்கு மேல் தள்ளினாலே போதும். 40 அல்லது அதற்குக் கீழே போனால் தசை பலவீனம். ஆனால் 50க்கு மேலே இருந்தும் இந்த வருத்தம் வரலாம். நீண்ட காலம் பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதயச் சுவர் விறைத்து, இரத்தம் சரியாக நிரம்பாமல் போகும். அதனால் ஈ.எஃப் நல்லாயிருக்கிறது என்பதற்காக வீங்கின காலைக் கவனிக்காமல் விடக்கூடாது.

அடுத்த தவறு, இதை முட்டு, அதாவது ஆஸ்துமா, என்று நினைப்பது. படுத்தவுடன் மூச்சு அடைக்கும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நடுச்சாமத்தில் திடீரென்று எழும்பி, இருமிக்கொண்டு யன்னலடியில் போய் இருப்பார். பகல் முழுக்கக் காலில் தேங்கின நீர், படுக்கும்போது திரும்பி இரத்தத்தில் சேர்ந்து நுரையீரலில் தேங்குவதால் வருவது இது. சின்ன வயதில் முட்டே இல்லாதவருக்கு அறுபதுக்கு மேல் புதிதாக “முட்டு” வந்தால், பக்கத்து வீட்டு இன்ஹேலர் பம்மை வாங்கி அடிக்க வேண்டாம். ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பில் பெருவிரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் அங்கே நீர் இருக்கிறது. கொஞ்சம் சாப்பிட்டவுடன் வயிறு நிரம்பி விடுவதும் சிலருக்கு இதன் அறிகுறிதான். ஈரலிலும் குடலிலும் இரத்தம் தேங்கி வருவதை காஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லி மாதக்கணக்காகக் குளிசை போடுகிறவர்கள் உண்டு.

உப்பு விஷயத்தில் யாழ்ப்பாணச் சமையலறைக்குத் தனியாக ஒரு கதை இருக்கிறது. “கறிக்கு உப்பே போடுவதில்லை” என்று மாமி சத்தியம் செய்வார். பொய் இல்லை. ஆனால் புட்டோடு மாசிச் சம்பல், சோற்றோடு பொரித்த மோர்மிளகாய், ஒரு துண்டு கட்டாக் கருவாடு, ஓரத்தில் ஊறுகாய், பின்னேரம் தேத்தண்ணியோடு மிக்சர். பாணிலும் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டிக்கு உள்ளே, என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சுகதேகிகளுக்கு. அந்தக் கரண்டி முழுவதும் மேலே சொன்ன சாப்பாட்டிலேயே முடிந்துவிடும், கறிச்சட்டி வரைக்கும் போகவே தேவையில்லை. இந்துப்புக்கு மாறினால் சரி என்பதும் வீண் நம்பிக்கை. அதிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைட்தான். கடையில் விற்கும் “சோடியம் குறைந்த உப்பு” இதைவிட மோசமாகலாம். அதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில், லோசார்டன் போன்ற இதயக் குளிசைகள் எடுப்பவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு உண்டு. அது எல்லை தாண்டினால் துடிப்பின் ஒழுங்கே குழம்பிவிடும்.

களைப்பாக இருக்கிறது என்று ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் குடிப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். வயிற்றோட்டத்துக்கு அது உயிர் காக்கும் மருந்து. இதயம் பலவீனமானவர் வெயில் களைப்புக்குக் குடித்தால், உப்பையும் நீரையும் வலியக் கூப்பிடுவதுபோல. விரத காலத்திலும் கவனம் வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு இருப்பவர்கள் நம்மில் குறைவில்லை. இளநீரில் பொட்டாசியம் தாராளம். டபாகிளிஃப்ளோசின் என்ற குளிசை எடுக்கும் நீரிழிவுக்காரர் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. முருகனைக் கும்பிடுங்கள், ஆனால் விரதத்துக்கு முன்னர் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

மருந்தில் முதலில் பலியாவது சலம் போக வைக்கும் குளிசை, பியூரோசமைட். நல்லூர்த் தேருக்குப் போக வேண்டும், கொழும்பு பஸ் ஏற வேண்டும், வழியில் எங்கே போவது? நியாயமான கேள்வி. அதற்காக அன்றைக்கு விட்டுவிடுவதுதான் பிழை. அந்தக் குளிசையின் வேலை ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். காலையில் வெளியே போகிற நாளில், வீடு திரும்பிப் பின்னேரம் போடலாமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

மற்றக் குளிசைகளை “இப்ப சுகம்தானே” என்று நிறுத்துகிறார்கள். சுகமாக இருப்பதே அந்தக் குளிசைகளால்தான். பிசோப்ரோலோல் போன்றவற்றைத் திடீரென்று விடுவது ஆபத்து. எனலாப்ரில் எடுத்து வறட்டு இருமல் வந்தால் சொல்லுங்கள். லோசார்டன் போன்ற மாற்று இருக்கிறது.

அப்புறம் கனடாப் பார்சல். மகன் அனுப்பிய குளிசை ஒரு பெயரில் இருக்கும், கிளினிக்கில் தந்தது இன்னொரு பெயரில் இருக்கும், உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பிரஷர் விழுந்து, கிணற்றடியில் தலைசுற்றி விழுவார்கள். என்ரெஸ்டோ என்ற இதயக் குளிசை வந்தால் இன்னும் கவனம்: எனலாப்ரில் நிறுத்தி 36 மணித்தியாலம் கழியாமல் அதைத் தொடங்கக்கூடாது. முகமும் தொண்டையும் வீங்கி மூச்சே அடைபடலாம். பார்சலைப் பிரித்த கையோடு அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். சிறுநீரகத்தையும் தாக்கும். நன்றாக இருந்தவர் ஒரு கிழமைக்குள் மூச்சிரைப்போடு வார்டுக்குப் போவதற்கு இதுவே போதும். சாதாரண பனடோல் பரவாயில்லை. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வகையில் சோடியம் அதிகம்.

இளம் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறு வயதில் தொண்டை நோவுக்குப் பின் வாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்களுக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை இடையில் விடக்கூடாது. கல்யாணப் பேச்சு நேரத்தில் அதை மறைத்துவிட்டு, கர்ப்ப காலத்தில் மூச்சு முட்டிய பிறகு சொல்வது இரண்டு உயிருக்கும் ஆபத்து.

கட்டிலோடு கட்டிப்போடுவதை முதலில் சொன்னேன். நிலைமை சீரானபின் நடக்கத்தான் வேண்டும். ஒழுங்கைமுனை வரை போய் வருவதில் தொடங்கலாம். பேசிக்கொண்டு நடக்க முடிகிற வேகம் போதும்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் நோவு வந்தால் அது வேறு கதை. வாய்வு என்று இஞ்சிக் கசாயம் வைத்துப் பார்க்கிற நேரத்தில் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். உடனே 1990க்கு எடுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் இலவசம். நீரிழிவுக்காரருக்கு நோவே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரலாம்.

வீட்டில் வாங்கி வைக்க ஒரே ஒரு சாமான் சொல்லச் சொன்னால், நிறை பார்க்கும் தராசு என்பேன். காலையில் சலம் போய்விட்டு வந்து, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடுப்போடு ஏறி, காலண்டரில் குறியுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். மூச்சு முட்டுவதற்குச் சில நாள் முன்னரே தராசு சொல்லிவிடும். நெடுந்தீவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து, பிறகு யாழ்ப்பாணம் வர வேண்டும். நிறை ஏறியதைக் கண்ட அன்றைக்கே, பகல் படகு இருக்கும்போதே, கொப்பியையும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.