இரைப்பை கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் ட்ரெய்ன் ட்யூப்: கூட இருக்கறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

அப்பாவுக்கு கேன்சர்னு இரைப்பைய முழுசா எடுத்துட்டு குடலை நேரா உணவுக்குழாயோட சேர்த்து தைச்சாங்க, தியேட்டர்ல இருந்து வெளிய வரும்போது வயித்துல ரெண்டு ட்ரெய்ன் ட்யூப், உள்ள ஊறற நீரை வெளிய இருக்கற பைக்கு வடிக்கறதுக்கு. தினமும் பைல எத்தனை எம்எல்னு நோட்ல எழுதறது என் வேலை. 150, 120, 90ன்னு குறைஞ்சுட்டே வந்தது ஒருநாள் வெறும் 5 எம்எல், நாங்க உள்ள எல்லாம் காஞ்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டோம். சாயங்காலமே குளிர் காய்ச்சல். ட்யூப் அடைச்சுக்கிட்டு உள்ள நீர் தேங்கி நின்னிருக்கு.

அதனால முதல்ல இதை சொல்றேன், அளவு மெதுவா குறைஞ்சா நல்லது, சட்டுனு நின்னா உடனே நர்ஸ்கிட்ட காட்டுங்க. ட்யூப் எங்கயாவது மடங்கியிருக்கலாம், நோயாளி அது மேலயே படுத்திருக்கலாம், ரத்தக்கட்டி அடைச்சிருக்கலாம். சிரிஞ்சுல தண்ணி ஏத்தி நீங்களே அடைப்பு எடுக்க பாக்காதீங்க, கிருமி நேரா வயித்துக்குள்ள போயிரும்.

அளவை மட்டும் எழுதிட்டு கலரை விடறது அடுத்த தப்பு. மொதல்ல சிவப்பா வந்து, அப்புறம் ரோஸ், அப்புறம் வைக்கோல் கலர், இப்படி வெளுத்துட்டே போறதுதான் சரியான போக்கு. பச்சையா வந்தா பித்தநீர், முன்சிறுகுடலை (இரைப்பையை ஒட்டி இருந்த குடலோட ஆரம்பம், இரைப்பைய எடுத்ததும் அதோட வாயை மூடி தைச்சிருப்பாங்க) மூடின இடம் கசியுதான்னு பாக்கணும். சாப்பாடு ஆரம்பிச்சதும் பால் மாதிரி வெள்ளையா வந்தா நிணநீர்க் குழாய்ல கசிவு. அழுக்குத் தண்ணி மாதிரி வந்தா கணையநீரா இருக்கலாம், 3வது நாளோ அதுக்கு அப்புறமோ ட்ரெய்ன் தண்ணில அமைலேஸ் (கணையத்துல சுரக்கற ஒரு செரிமானப் பொருள்) எவ்ளோன்னு பாத்து, ரத்தத்துல இருக்கவேண்டிய உச்ச அளவை விட 3 மடங்குக்கு மேல இருந்தா கணையக் கசிவான்னு யோசிப்பாங்க.

கணையநீர்ல என்ன பயம்னா அது சதையை அரிக்கும். நிணநீர்க் கட்டிகளை எடுக்கறப்போ கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போற ரத்தக்குழாய்கள சுத்தி சுத்தம் பண்ணியிருப்பாங்க, கசியற நீர் அந்த குழாய் சுவரை அரிச்சு பலூன் மாதிரி வீங்க வைக்கும், ஒருநாள் அது வெடிக்கும். அபூர்வம்தான், ஆனா உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, வீட்டுக்கு வந்தப்புறம் கூட நடக்கலாம். வைக்கோல் கலர்ல வந்துட்டிருந்த ட்யூப்ல திடீர்னு கொஞ்சம் புது ரத்தம் வந்து தானா நின்னுரும், நாமளும் நின்னுருச்சேன்னு படுத்துருவோம். தயவுசெஞ்சு அப்படி இருக்காதீங்க. அது சில மணி நேரத்துலயோ சில நாள்லயோ வரப்போற பெரிய ரத்தப்போக்குக்கு முன்னறிவிப்பா இருக்கலாம், ராத்திரி 2 மணியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டற ஸ்கேன்) எடுத்து எந்த குழாய்னு கண்டுபிடிச்சு, நிறைய பேருக்கு வயித்தை திரும்ப திறக்காமலே ரத்தக்குழாய் வழியாவே காயில்னு சின்ன கம்பிச்சுருள் வச்சு அடைச்சிடறாங்க.

இன்னொண்ணு, உங்களுக்கு ட்யூப் முனைல வச்சிருக்கறது சும்மா பையா, இல்ல அமுக்கி விட்டா நீரை உறிஞ்சற பல்பான்னு கேட்டுக்கோங்க. பைன்னா எப்பவும் வயித்துக்கு கீழ தொங்கணும், நடக்கும்போது தோள்ல மாட்டினா வந்த தண்ணி திரும்ப உள்ள போகும். பல்புன்னா கொட்டினப்புறம் நல்லா அமுக்கி, அமுக்கினபடியே மூடி போடணும், உப்பியிருந்தா அது உறிஞ்சாது.

ட்யூப் எடுத்த அன்னைக்கு எல்லாம் முடிஞ்சதுன்னு விட்டுடறோம், அதுவும் தப்பு. எடுக்க எடுக்க வராம இறுகினா யாரும் பலமா இழுக்கக்கூடாது, அறுந்து துண்டு உள்ளயே நின்ன கேஸ் இருக்கு, வெளிய வந்த ட்யூப் முனை முழுசா இருக்கான்னு பாத்தாங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. அந்த ஓட்டை வழியா ஒரு ரெண்டு நாள் டிரெஸ்ஸிங் நனையறது சகஜம். ஆனா இருமும்போதோ முக்கும்போதோ மஞ்சளா கொழுப்பு மாதிரியோ சிவப்பா சதை மாதிரியோ பிதுங்கினா அது குடலை மூடியிருக்கற கொழுப்புச்சவ்வோ குடலோதான், விரலால உள்ள தள்ளாதீங்க, சலைன்ல நனைச்ச சுத்தமான காஸ் துணியை மேல போட்டு, சாப்பிடக் குடிக்க எதுவும் கொடுக்காம ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. வெளிய எதுவும் தெரியாமலே குடல் அந்த ஓட்டைல மாட்டிக்கறதும் உண்டு, வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்து பிரியலன்னா கேஸ் ட்ரபிள்னு மாத்திரை கொடுத்து பாத்துட்டு இருக்காம அன்னைக்கே காட்டுங்க.